டொராண்டோ போக பிரெஞ்சு எதற்கு?

என் அக்கா மகன் கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறான். கனடாவுக்கு பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கிவிடுவது என்று முடிவெடுத்து இரண்டு வருடமாகிறது. படிப்பு இருக்கிறது, ஏழு வருட அனுபவம் இருக்கிறது, ஆங்கிலத் தேர்விலும் மதிப்பெண் குறைவில்லை. ஆனாலும் புள்ளி 480இலேயே நின்றுவிட்டது. போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது பையன் மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். 'நான்' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை நூறு முறையாவது சொல்லியிருப்பான். அதன் முதல் ஒலி ஜ-வும் இல்லை, ஷ-வும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நாக்கு வழுக்கும் ஓர் இடம்.

"மாமா, நான் போகப்போவது டொராண்டோவுக்கு. அங்கே நூற்றில் இரண்டு பேருக்குக்கூட பிரெஞ்சு தாய்மொழி கிடையாது. அப்புறம் எதற்கு என்னை இந்தப் பாடு படுத்துகிறார்கள்?"

அவன் கேட்டது விசா விஷயம். ஆனால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கனடாவின் கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கதையின் ஒரு முனை நம் வந்தவாசியில் கிடக்கிறது.

முதலில் விசா கணக்கை முடித்துவிடுவோம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயது, படிப்பு, அனுபவம், மொழி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றுகள் வந்தன. பொதுச் சுற்றில் இடம் கிடைக்க 500க்கு மேல் வேண்டியிருந்த காலத்தில், 2024 பிப்ரவரியில் ஒரு பிரெஞ்சுச் சுற்று 336 வரை இறங்கியது. நம் ஊர்ப் பையன்கள் பிரெஞ்சு வகுப்புக்கு ஓடுவதன் ரகசியம் இதுதான். இதில் இன்னொரு வேடிக்கை, இந்தச் சுற்றுகள் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்துக்கு ஆள் எடுப்பதற்கானவை அல்ல. கியூபெக் தனக்கு வேண்டியவர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது, அதற்கு 1991இல் தனி ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள். ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, தேடுவது கியூபெக்குக்கு வெளியே, ஆங்கிலக் கனடாவில் போய்க் குடியேறும் பிரெஞ்சு பேசுபவர்களை. பிரெஞ்சு பேசுவோரின் பங்கு அங்கே கரைந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கக் கோவைப் பையன் தேவைப்படுகிறான். ஏன் அப்படி?

வந்தவாசியும் கியூபெக்கும்

1608இல் சாமுவேல் த ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் கியூபெக் நகரை நிறுவினார். பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வாணிபம்தான் முக்கியத் தொழில். அடுத்த 150 ஆண்டுகளில் அங்கே அறுபது எழுபதாயிரம் பிரெஞ்சு விவசாயிகளும் வணிகர்களும் பாதிரிமார்களும் வேர்பிடித்தார்கள். தெற்கே ஆங்கிலேயர்களின் குடியேற்றங்களில் மக்கள்தொகை பல மடங்கு. 1756இல் இரண்டு பேரரசுகளுக்கும் நடுவே ஏழாண்டுப் போர் மூண்டது. 1759இல் கியூபெக் நகருக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்தில் நடந்த சண்டையில் பிரெஞ்சுப் படை தோற்றது.

அதே போர், நான்கு மாதம் கழித்து, இங்கேயும் நடந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. மறு வருடம் புதுச்சேரி வீழ்ந்தது. 1763இல் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிரான்சுக்குப் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது, கனடா கைவிட்டுப் போனது. கரும்பு விளையும் கரீபியத் தீவுகளை விட்டுவிட மனமில்லாமல், பனி கொட்டும் கனடாவைத் தாரைவார்த்தார்கள். புதுச்சேரித் தெருவில் போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி வைத்திருப்பதும் கியூபெக் ஒரு ஆங்கிலேய ராஜாவின் கீழ் பிரெஞ்சு பேசிக்கொண்டிருப்பதும் ஒரே காகிதத்தின் இரண்டு பக்கங்கள்.

சரி, ஜெயித்த ஆங்கிலேயன் தோற்றவர்களை ஏன் அப்படியே விட்டுவைத்தான்? பெருந்தன்மையால் அல்ல. கிழக்கே அகேடியா பகுதியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களை 1755 முதல் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி விரட்டியவன்தான் அவன். கியூபெக்கில் அது முடியவில்லை, அங்கே பிரெஞ்சுக்காரர்கள் மிகப் பலர், ஆங்கிலேயர்கள் மிகச் சிலர். தெற்கே அமெரிக்கக் குடியேற்றங்களில் வேறு கலகம் புகைந்துகொண்டிருந்தது. ஆகவே 1774இல் ஒரு சட்டம் போட்டு, உங்கள் கத்தோலிக்க மதமும் உங்கள் சிவில் சட்டமும் உங்களுக்கே என்று விட்டுக்கொடுத்தார்கள். இன்றைக்கும் கியூபெக்கில் சொத்து, ஒப்பந்தம், குடும்பம் சார்ந்த வழக்குகள் பிரெஞ்சு மரபிலான சிவில் சட்டப்படிதான் நடக்கின்றன.

விட்டுக்கொடுத்தது அரை மனதோடுதான். 1839இல் டர்ஹாம் பிரபு எழுதிய அறிக்கை, இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள், இவர்களை ஆங்கிலேயர்களாகக் கரைத்துவிடுவதே நல்லது என்றது. 1867இல் நான்கு மாகாணங்கள் சேர்ந்து கனடா என்ற கூட்டாட்சி பிறந்தபோது, மத்திய நாடாளுமன்றத்திலும் கியூபெக் சட்டசபையிலும் இரண்டு மொழிகளுக்கும் இடம் என்று எழுதிவைத்தார்கள். மற்ற மாகாணங்களில் பிரெஞ்சு தேய்ந்தது. மானிடோபா 1890இல் பிரெஞ்சின் அதிகாரத் தகுதியைப் பறித்தது. டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ 1912இல் பள்ளிகளில் பிரெஞ்சு வழிக் கல்வியை நெருக்கியது, அதற்கு மன்னிப்புக் கேட்க 2016 ஆனது.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்களும் அந்த மண்ணைப் பிடிக்க வந்தவர்கள்தான். வந்த இடத்தில் இன்னொரு வந்தேறியிடம் தோற்றவர்கள். தாங்கள் ஆக்கிரமித்தவர்கள் என்பது கியூபெக்காரர்களின் நினைவில் மங்கல், ஆக்கிரமிக்கப்பட்டவர்கள் என்பது பளிச். அந்த மாகாணத்தின் கார் நம்பர் பிளேட்டில் 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்' என்று பிரெஞ்சில் பொறித்திருக்கும். எதை என்று எழுதியிருக்காது.

இரண்டு பேர் சண்டையில் மூன்றாமவன்

1960கள் வரை மாண்ட்ரியலில் ஒரு தொழிற்சாலைக்குள் போனால், மெஷின் முன் நிற்பவர் பிரெஞ்சுக்காரர், மேற்பார்வையாளர் ஆங்கிலேயர், முதலாளி ஆங்கிலேயர் என்றிருக்கும். பெரும்பான்மையாக இருந்தும் சொந்த ஊரில் வேலைக்கு ஆங்கிலம் தெரிந்தாக வேண்டும். இந்தக் குமைச்சல் பிரிவினைப் பேச்சாக மாறத் தொடங்கியபோது, 1963இல் பிரதமர் லெஸ்டர் பியர்சன் ஒரு அரச ஆணையம் அமைத்தார். பெயரே இருமொழி, இருபண்பாட்டு ஆணையம். அதன் ஆணையில் 'நாட்டை நிறுவிய இரண்டு இனங்கள்' சம பங்காளிகளாக இருப்பது எப்படி என்று ஆராயச் சொல்லியிருந்தது.

ஆணையம் கண்டெடுத்த ஒரு கணக்கு பலரை உலுக்கியது. கியூபெக்கில் வருமானப்படி 14 இனக்குழுக்களை வரிசைப்படுத்தினால் பிரெஞ்சு வம்சாவளியினர் 12ஆவது இடத்தில் இருந்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்த பிரெஞ்சுக்காரரைவிட ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஆங்கிலேயர் அதிகம் சம்பாதித்தார். கூடுதலாக ஒரு மொழி கற்றதற்குக் கிடைத்த பரிசு அது.

1969இல் அதிகார மொழிகள் சட்டம் வந்தது. மத்திய அரசு இரண்டு மொழியிலும் சேவை தர வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குச் சில வருடங்களில் கடைப் பொருட்களின் உறையிலும் இரண்டு மொழியும் கட்டாயமாயிற்று. கனடாவிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவரும் மேப்பிள் பாகு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் பிரெஞ்சு, இரண்டும் ஒரே அளவு எழுத்தில். நாடு முழுக்க எல்லோரும் இரண்டு மொழி பேசுகிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. 2021 கணக்கெடுப்பின்படி ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் பேசத் தெரிந்தவர்கள் 18 விழுக்காடுதான். இருமொழி நாடு என்றால் அரசு இரண்டு மொழி பேசும் என்று பொருள், குடிமகன் ஒரு மொழியோடு நிம்மதியாக இருக்கலாம்.

இதற்கிடையில் மேற்குப் புல்வெளி மாகாணங்களிலிருந்து ஒரு குரல். 1890களின் கடைசியிலிருந்து நிலத்தை உழ ஆள் வேண்டும் என்று உக்ரைனியர், போலந்துக்காரர், ஜெர்மானியர் எல்லோரையும் கனடாவே அழைத்து வந்து குடியமர்த்தியிருந்தது. 'நிறுவியது இரண்டு இனம் என்றால், காடு வெட்டிக் கோதுமை விதைத்த நாங்கள் யார்?' என்று அவர்கள் கேட்டார்கள். உக்ரைனிய வம்சாவளி செனட்டர் பால் யூசிக் 1964இல் தன் முதல் பேச்சிலேயே இதை எழுப்பினார்.

1971 அக்டோபர் 8 அன்று பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து அறிவித்ததுதான் பல்கலாசாரக் கொள்கை. கனடாத் தமிழர்கள் பயன்படுத்தும் சொல் இது, நாமும் அதையே வைத்துக்கொள்வோம். சாரம் இதுதான்: அதிகார மொழிகள் இரண்டு, ஆனால் அதிகாரப் பண்பாடு என்று எதுவும் கிடையாது. மொழியையும் பண்பாட்டையும் ஒரே கயிற்றில் கட்டியே பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். ட்ரூடோ அந்த முடிச்சை அவிழ்த்து, மொழியை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கொடுத்தார், பண்பாட்டை எல்லோருக்கும் பொதுவாக்கினார். 1982 உரிமைச் சாசனத்தில் அது நுழைந்தது, 1988இல் தனிச் சட்டமாயிற்று.

ஆக, பல்கலாசாரம் என்பது கனடியர்கள் நல்லவர்கள் என்பதால் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இரண்டு காலனிக்காரர்களின் பாகப்பிரிவினை வழக்கில் மூன்றாவதாக ஒருவர் மனுப்போட, அவரைச் சமாதானப்படுத்த எழுதிய தீர்ப்பு. இதைச் சொன்னால் சில கனடா நண்பர்களுக்குக் கோபம் வரும். ஆனால் இப்படி வந்ததாலேயே அது உறுதியாக நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. கருணையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், பேரத்தில் ஒப்புக்கொண்டதை அவ்வளவு எளிதில் வாங்க முடியாது.

நடைமுறையில் இது என்ன தருகிறது, என்ன தராது? டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு தமிழ்ப் பிள்ளை சனிக்கிழமை காலை பொதுப் பள்ளிக்கூடத்திலேயே தமிழ் படிக்கலாம். 1977 முதல் ஒண்டாரியோ இப்படிப் பாரம்பரிய மொழி வகுப்புகளுக்குப் பணம் தருகிறது. ஆனால் அரசுப் பணத்தில் தமிழ் வழிப் பள்ளிக்கூடம் கேட்க முடியாது. ஆங்கில மாகாணத்தில் இருக்கும் பிரெஞ்சுப் பெற்றோர், போதுமான பிள்ளைகள் இருந்தால், பிரெஞ்சு வழிப் பள்ளியைச் சாசனத்தைக் காட்டியே கேட்டு வாங்கலாம். அது உரிமை. தமிழுக்குக் கிடைத்திருப்பது இடம். இடம் கிடைத்ததும் சின்ன விஷயமல்ல. 2016இல் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. அந்த ஊர்த் தமிழர்கள் தங்கள் நகரை 'ரொறன்ரோ' என்று ஈழத்து வழக்கப்படியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதை யாரும் திருத்த வரவில்லை.

கதவு எப்போது திறந்தது

பல்கலாசாரம் பற்றிய பெருமையைக் கேட்கும்போது, அதற்கு முன் அந்தக் கதவு எப்படிப் பூட்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மலைகளைக் குடைந்து ரயில் பாதை போடச் சீனத் தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். பாதை முடிந்த 1885இலேயே சீனர்கள் உள்ளே வரத் தலைக்கு 50 டாலர் வரி விதித்தார்கள். 1903இல் அது 500 ஆனது. 1923இல் வரியை எடுத்துவிட்டு, ஆட்களே வர வேண்டாம் என்று ஏறக்குறைய முழுத் தடை போட்டார்கள்.

இந்தியர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். நாமும் அப்போது பிரிட்டிஷ் ராஜாவின் குடிமக்கள். பேரரசுக்குள் எங்கும் போகலாம் என்று காகிதத்தில் இருந்தது. இனத்தைச் சொல்லித் தடுத்தால் இந்தியாவில் ஆட்சிக்கே தலைவலி. ஆகவே 1908இல் இனம் என்ற வார்த்தையே இல்லாமல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: சொந்த நாட்டிலிருந்து புறப்பட்டு எங்கும் இறங்காமல் ஒரே பயணமாக, முழுப் பயணச் சீட்டோடு வருபவர்களுக்கே அனுமதி. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி ஒரு நேர்க் கப்பல் பயணம் கிடையாது. அப்படிச் சீட்டுக் கொடுக்கக்கூடிய நிறுவனத்தையும் கொடுக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். சட்டத்தில் கறுப்பும் வெள்ளையும் இல்லை, கப்பல் அட்டவணை மட்டும்தான்.

1914இல் குர்தித் சிங் இதைச் சோதித்துப் பார்த்தார். கோமகாட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு எடுத்து, ஹாங்காங்கில் தொடங்கி, 376 பேரோடு மே மாதம் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். இரண்டு மாதம் கப்பல் கரைக்கு எதிரிலேயே நின்றது. ஏற்கெனவே கனடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் என்று இருபத்துச் சொச்சம் பேரை மட்டும் இறக்கினார்கள். தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் தவித்தவர்களைக் கடைசியில் போர்க்கப்பலை நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவை அடுத்த பட்ஜ்பட்ஜில் இறங்கியவர்கள்மீது பிரிட்டிஷ் போலீஸ் சுட்டதில் இருபது பேர் அளவில் செத்தார்கள். கனடா நாடாளுமன்றத்தில் பியர் ட்ரூடோவின் மகனும் அப்போதைய பிரதமருமான ஜஸ்டின் ட்ரூடோ இதற்கு மன்னிப்புக் கேட்டது 2016 மே மாதம்.

1962இல் குடியேற்ற விதிகளிலிருந்து இன அடிப்படையை எடுத்தார்கள், 1967இல் புள்ளி முறை வந்தது. எந்த நாட்டான் என்று பார்க்காமல், என்ன படித்தாய், என்ன வேலை தெரியும், மொழி தெரியுமா என்று கேட்கும் முறை. என் அக்கா மகன் இன்று மல்லுக்கட்டும் புள்ளிக் கணக்கின் தாத்தா அது. ஐரோப்பாவில் வளம் பெருகி, அங்கிருந்து ஆள் வருவது குறைந்ததும் இந்தத் திறப்புக்கு ஒரு காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஈழத்தமிழர்கள் பெரும்பாலும் புள்ளி வழியாக வந்தவர்கள் அல்ல, 1983 ஜூலைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள். அவர்களுக்குத் துணையாக நின்ற ஒரு தீர்ப்பு உண்டு. 1985இல் கனடா உச்ச நீதிமன்றம், அகதி என்று சொல்லி வருபவரை நேரில் உட்காரவைத்துக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்றது. உரிமைச் சாசனத்தில் 'குடிமகன்' என்றில்லாமல் 'ஒவ்வொருவரும்' என்றிருந்த ஒரு சொல்தான் அதற்குப் பிடி. மறு வருடம் ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மீன்பிடிக்கப் போனவர்கள், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தமிழர்கள் 155 பேர் நெருக்கியடித்துக்கொண்டு மிதப்பதைப் பார்த்துத் தூக்கி ஏற்றினார்கள். அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது பின்னால் தெரியவர, முணுமுணுப்புக் கிளம்பியது. ஆனாலும் தங்க அனுமதி கிடைத்தது. 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் வந்தபோது நிலைமை வேறு, பெண்களும் குழந்தைகளும் உட்பட எல்லோரையும் தடுப்புக் காவலில் வைத்தார்கள். சட்டப் புத்தகத்தில் இருந்த பல்கலாசாரம் அப்போதும் அதே பல்கலாசாரம்தான்.

உள்ளே வந்தபின் நடப்பதும் ஒன்று உண்டு. டாக்டர் டாக்சி ஓட்டுகிற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். 'கனடிய அனுபவம் இருக்கிறதா?' என்ற கேள்வி, பண்பாட்டைக் கொண்டாடும் நாட்டில் படிப்பைக் கொண்டாடாத இடம். ஒண்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இல் இந்த நிபந்தனையே பாகுபாடு என்று சொல்லிவிட்டது. பரதநாட்டியத்துக்கு மேடை சீக்கிரம் கிடைக்கும், பட்டத்துக்கு மதிப்புத் தாமதமாகத்தான் கிடைக்கும் என்று அங்கே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

2021இல் கனடாவில் நான்கில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், 23 விழுக்காட்டினர், வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்கள். வீட்டு வாடகை ஏறியதும் மனநிலை மாறியது, 2024 அக்டோபரில் அரசு குடியேற்ற இலக்கை வெட்டியது. அடுத்த வருடத்துக்கு ஐந்து லட்சம் என்றிருந்தது 3,95,000 ஆனது. அப்படி வெட்டியபோதும் கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான பங்கை மட்டும் கூட்டினார்கள்.

கியூபெக்குக்கு ஏன் பிடிக்கவில்லை

பல்கலாசாரம் கேட்க இனிக்கிறது, ஆனால் கியூபெக்கில் அந்தச் சொல்லுக்கு வரவேற்பில்லை. அவர்கள் பார்வையில் பாருங்கள். நேற்றுவரை நாட்டின் சரிபாதிப் பங்காளி, இன்று முதல் உக்ரைனியர், இத்தாலியர், தமிழர் வரிசையில் இன்னொரு குழு. எங்கள் பாகத்தைக் கொடுக்காமல் இருக்கத்தான் ஊரையே பங்காளி ஆக்கினார்கள் என்பது அங்கே பலரின் மனக்குறை. பியர் ட்ரூடோவும் கியூபெக்காரர்தான், அதனால் கசப்பு இன்னும் கூடுதல்.

பிரெஞ்சு அழியும் என்ற அச்சம் வீண் பயமல்ல. 1951இல் கனடியர்களில் 29 விழுக்காட்டினருக்கு பிரெஞ்சு தாய்மொழி, இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. சுற்றிலும் முப்பது கோடிக்கும் மேல் ஆங்கிலக் கடல். அதனால் 1977இல் பிரெஞ்சு மொழிச் சாசனம் வந்தது, 101ஆம் சட்டம் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். தாயோ தந்தையோ கனடாவில் ஆங்கிலவழி ஆரம்பக் கல்வி பெற்றிருந்தால்தான் அரசு ஆங்கிலப் பள்ளி. அதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் பிள்ளைகளை ஆங்கிலத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு தலைமுறையில் கதை தலைகீழானது. மாண்ட்ரியல் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் சண்டை போடுவார்கள். டொராண்டோ சித்தப்பா பிள்ளைகளுக்கு அந்த வசதியில்லை.

கியூபெக்கில் சாலை முனைக்குப் போனால் எட்டு மூலைச் சிவப்புப் பலகையில் 'அரே' என்று இருக்கும், நில் என்று பொருள். பிரான்சுக்குப் போய்ப் பாருங்கள், அங்கேயே அந்தப் பலகையில் 'ஸ்டாப்' என்றுதான் எழுதியிருப்பார்கள். பிரான்சுக்கு பிரெஞ்சு போய்விடும் என்ற கவலை இல்லை, கியூபெக்குக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெயர்ப் பலகைக்குத் தார் பூசிய தலைமுறைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1995இல் பிரிந்து போவதா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.58 விழுக்காடு. வித்தியாசம் ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டு. அன்றிரவு தோல்வியை ஒப்புக்கொண்ட கியூபெக் முதல்வர் ழாக் பாரிசோ, பணமும் இனக்குழு ஓட்டுகளும் எங்களைத் தோற்கடித்தன என்று சொல்லிவிட்டார். குடியேறியவர்கள் பெருவாரியாகக் கனடாவோடு இருக்கவே ஓட்டுப் போட்டது உண்மை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் கியூபெக்கில் 'நாம்' என்றால் யார் என்ற கேள்வியை நடுச்சபையில் போட்டு உடைத்தது. மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார்.

கியூபெக் சொல்லும் மாற்று வழிக்குப் பண்பாட்டு ஊடாட்டம் என்று பெயர் வைக்கலாம். எல்லாப் பண்பாடும் வரட்டும், ஆனால் நடுவில் ஒரு பொதுப் பந்தி, அதில் பரிமாறும் மொழி பிரெஞ்சு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. சிக்கல் 2019இல் வந்த 21ஆம் சட்டத்தில் தெரிந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர், போலீஸ், அரசு வழக்கறிஞர் முதலானோர் பணியில் மதச் சின்னம் அணியக்கூடாது. தலைமுக்காடு போடும் முஸ்லிம் பெண் புதிதாக ஆசிரியர் ஆக முடியாது. சர்ச்சின் பிடியிலிருந்து 1960களில்தான் திமிறி வெளியே வந்த சமூகம் அது, கன்னியாஸ்திரி வகுப்பெடுத்த நினைவு இன்னும் போகவில்லை, அதனால் மதம் என்றாலே ஒவ்வாமை என்று விளக்குகிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் நிறைவேறிய சபையில், சபாநாயகர் இருக்கைக்கு மேலே 1936 முதல் ஒரு சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. சட்டம் வந்த பிறகே, அந்த ஜூலையில், அதைக் கழற்றினார்கள். ஒவ்வாமையும் ஆள் பார்த்துத்தான் வரும்போல.

மூன்றாவது அல்ல, முதலாவது

இதுவரை சொன்ன கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'நிறுவிய இரண்டு இனங்கள்', மூன்றாவதாக வந்தவர்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள்? கனடா என்ற பெயரே இரோக்குவா மொழியில் ஊர், குடியிருப்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பெயரை வைத்துக்கொண்டார்கள், ஆட்களை ஆணையத்தின் விசாரணைக்குள்ளேயே சேர்க்கவில்லை.

டொராண்டோ நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 1805இல் மிசிசாகா மக்களிடமிருந்து இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் பிரிட்டிஷ் அரசு எழுதி வாங்கியது, பத்திரத்தில் காட்டிய விலை பத்து ஷில்லிங். 2010இல் கனடா அரசு அந்த மக்களுக்கு 14.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. பக்கத்தில் இந்தியர்கள் நிறைந்த புறநகருக்கு மிசிசாகா என்றே பெயர். டொராண்டோ அரசுப் பள்ளிகளில் காலையில் தேசிய கீதத்துக்கு முன், இந்த நிலம் யாருடையது என்று ஒரு வாசகம் ஒலிபரப்பாகிறது. ஸ்கார்பரோ தமிழ்ப் பிள்ளை அதை மனப்பாடமாகச் சொல்லும். நிலம் பறிபோன கதையை வீட்டில் வேறு கேட்டு வளர்ந்த பிள்ளை அது.

மொழி, பண்பாடு பற்றியெல்லாம் மேலே ஆணையம் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பிள்ளைகள். பெரும்பாலும் சர்ச்சுகள் நடத்தியவை, பணம் அரசுடையது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகள் பதிவாகியிருக்கின்றன. கடைசிப் பள்ளி மூடியது 1990களின் பிற்பகுதியில். 2008இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்பர் மன்னிப்புக் கேட்டார். மரி சின்க்ளேர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று பெயர் சொல்லி எழுதியது.

பூர்வகுடிகள் பல்கலாசாரம் என்ற குடையின் கீழ் வர மறுப்பது இதனால்தான். 1969இல் பியர் ட்ரூடோ அரசு, எல்லோரும் சமம், ஆகவே பூர்வகுடிகளுக்கென்று தனிச் சட்டத் தகுதி எதற்கு என்று ஒரு வெள்ளை அறிக்கை கொண்டுவந்தது. சலுகை போல வந்த சமத்துவம் அது. ஒப்பந்தங்களைக் கிழித்துப் போட நாசூக்கான வழி என்று பூர்வகுடித் தலைவர்கள் எதிர்த்து நிற்க, அரசு பின்வாங்கியது. அவர்கள் கேட்பது பண்பாட்டைக் கொண்டாட ஒரு மேடை அல்ல, நிலமும் ஒப்பந்தமும் ஆட்சியும்.

இந்த முக்கோணம் முழுவதும் ஒரே ஆளிடம் கூடிய சம்பவம் 2021இல் நடந்தது. அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரலாக மேரி சைமன் நியமிக்கப்பட்டார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி. வடக்கு கியூபெக்கில் பிறந்த, இனுயிட் என்ற ஆர்க்டிக் பூர்வகுடியைச் சேர்ந்த பெண்மணி, அவர்கள் மொழியான இனுக்டிடூட்டும் ஆங்கிலமும் சரளம். அப்போது பிரெஞ்சு தெரியாது. இருமொழி நாட்டின் தலைமைப் பதவிக்கு பிரெஞ்சு தெரியாதவரா என்று அதிகார மொழிகள் ஆணையருக்கு ஆயிரத்துக்கும் மேல் புகார்கள் குவிந்தன. அவர் அமைதியாகச் சொன்ன பதில்: சின்ன வயதில் நான் படித்த மத்திய அரசுப் பள்ளியில் எனக்கு பிரெஞ்சு கற்றுக்கொள்ள வாய்ப்புத் தரவில்லை. இரண்டு மொழி அவருக்குத் தெரியும், அந்த இரண்டு மொழி அல்ல, அவ்வளவுதான்.

அதே 2021இல் குடியுரிமை உறுதிமொழியும் மாறியது. கனடியன் ஆக எழுந்து நிற்பவர், இப்போதைய வாசகப்படி, மூன்றாம் சார்லஸ் மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்கிறார். உடனே அடுத்த வரியில், பூர்வகுடிகளின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன் என்கிறார். பறித்தவரின் வாரிசுக்கும் பறிகொடுத்தவரின் உரிமைக்கும் ஒரே மூச்சில் சத்தியம். கியூபெக் சட்டசபை உறுப்பினர்களுக்கு மட்டும் 2022 டிசம்பரிலிருந்து ராஜா பெயரில் உறுதியெடுப்பது கட்டாயமில்லை. தாங்களே சட்டம் போட்டு விலக்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் அன்று மாடியில் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. கீழிருந்து அக்கா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். பையன் பொறுமையாகக் கேட்டான்.

"இந்திய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இங்கிலாந்து ராஜாவுக்குச் சத்தியம் செய்ய வேண்டுமா? தாத்தா கேட்டால் சும்மா விடமாட்டார்."

"அது நடக்க இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கிறது."

"சரி மாமா, அந்த உறுதிமொழியை பிரெஞ்சில் சொன்னால் ஏதாவது கூடுதல் புள்ளி உண்டா?"

அதற்கெல்லாம் கிடையாது என்றேன். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான்.